கோட்டின் எந்த ஓரம்

லிண்டால் தானியக் கிடங்கின் எடை மேடையில் மார்வா ஹைசிங்கா இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். அறுவடை மாதங்களில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது லாரிகள் அந்த மேடையில் ஏறி இறங்கும். மக்காச்சோளத்தோடு ஒரு முறை, கொட்டிவிட்டு வெறுமையாக ஒரு முறை. ஓட்டி வருகிறவர்கள் இறங்குவதில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பேசிவிட்டுப் போவார்கள்.

"மார்வா, உள்ளே ரெண்டு நாய் இருக்கு. அதையும் சோளத்தோட சேத்துப் போட்டுக்க."

"திரும்பி வரும்போதும் நாய் உள்ளதான இருக்கும்? அப்புறம் உனக்கு என்ன லாபம்? வேணும்னா நாயைக் கொட்டிட்டு வா."

அவர் எடைபோட்டதை வேறு ஊருக்குக் கொண்டுபோய் யாரும் சரிபார்த்ததில்லை. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. எடைபோடுகிறவர் சரியாக எடைபோடுவது, தண்ணீர் ஈரமாக இருப்பதைப் போன்றது. அதற்கு மாலை போட வேண்டியதில்லை.

மார்வா ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. எங்கள் கல்லூரி மைதானத்தில் சங்கிலி பிடிக்கும் நால்வரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது அவருடைய பன்னிரண்டு வயது ஆசை. கேட்டபோது வயது ஐம்பத்து நான்கு.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். போனால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும். போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. அந்தப் பத்து கெஜத்தைக் காட்டுவதுதான் எங்கள் சங்கிலி. இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்புகள். பின்கம்பு ஆர்லனிடம் இருக்கும். ஓய்வுபெற்ற தபால்காரர், முப்பத்தோரு வருடம் சங்கிலி பிடித்தவர், எங்களுக்குத் தலைவர். முன்கம்பு டுவேனிடம். பன்றி வளர்ப்பவன், வாயை மூடத் தெரியாதவன். எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண் பலகை என்னிடம். நான்காவது ஆள் கிளிப் போடுகிறவர். பத்தொன்பது வருடம் அது டெல்வின் ஹைசிங்காவின் வேலை. மார்வாவின் அண்ணன். ஜூலையில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள்.

மார்வா ஆர்லனின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"டெல்வின் இடத்துல நான் நிக்கிறேன்."

ஆர்லன் வெகுநேரம் யோசித்தார். அவர் எதற்கும் வெகுநேரம் யோசிப்பவர்.

"இந்த ஒரு வருஷம். டெல்வின் வந்துட்டா அவர் இடம் அவருக்கு."

"வரலைன்னா?"

"சீசன் முடியட்டும், பாக்கலாம். நீங்க எப்படி நிக்கிறீங்கன்னும் பாக்கணுமில்ல?"

அப்படித்தான் அவர் வந்தார். டெல்வினின் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதன் கழுத்துப்பட்டியின் உள்ளே 'டெல்வின்' என்று மையால் எழுதியிருப்பது பிடரியை உரச, இரவல் இடத்தில்.

முதல் நாள் ஆர்லன் மூன்று விதிகளைச் சொன்னார். கத்தக் கூடாது. கை தட்டக் கூடாது. முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான், ஆனால் மேலங்கி போட்டிருக்கும் மூன்று மணி நேரம் எந்த ஊருமில்லை.

"என் முகத்துல எப்பவுமே எதுவும் தெரியாது," என்றான் டுவேன். "நம்பலைன்னா என் பொண்டாட்டியக் கேளுங்க."

கிளிப் என்பது உள்ளங்கை அளவு இரும்புக் கவ்வி. மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சங்கிலி அந்தக் கோட்டைக் கடக்கும் இடத்தில் கிளிப்பை மாட்ட வேண்டும். பந்து பத்து கெஜம் போனதா என்று சந்தேகம் வந்தால் சங்கிலியை உள்ளே தூக்கிக்கொண்டு போய், கிளிப்பை மறுபடி அதே கோட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். கிளிப் சரியென்றால் அளவு சரி.

கோட்டுக்கு நீளம் மட்டும்தான் உண்டு, அகலம் இல்லை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். புல்லின் மேல் வரைந்த கோட்டுக்கு நான்கு அங்குலம் அகலம். அதனால் எந்த ஓரத்தில் கிளிப் போடுவது என்று ஒரு வழக்கம் தேவைப்படுகிறது. பந்தை வைத்திருக்கும் அணி எந்தப் பக்கம் போகிறதோ, அதற்குப் பின்னால் இருக்கும் ஓரம். கிழக்கே போனால் மேற்கு ஓரம், மேற்கே போனால் கிழக்கு ஓரம். பந்து கை மாறினால் திசை மாறும், திசை மாறினால் ஓரமும் மாறும். ஓர் ஆட்டத்தில் இருபது, இருபத்தைந்து முறை இப்படி மாறும். வேலை அவ்வளவுதான். முட்டாளும் செய்யலாம். ஆனால் ஒருமுறைகூடத் தவறாமல் செய்வது வேறு விஷயம்.

அந்த இலையுதிர்காலம் எங்கள் அணி எல்லோரையும் திகைக்க வைத்தது. எட்டுக் கல்லூரிகள் ஆடும் வட்டாரப் போட்டியில் முந்தைய ஆண்டு ஏழு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தோம். கல்லூரியின் சொந்த மாணவர்களே இரண்டாம் பாதிக்கு முன் எழுந்து போய்விடுவார்கள். இந்த முறை முதல் இரண்டும் வெற்றி. மூன்றாவதில் மழையில் தோற்றார்கள். பிறகு மீண்டும் இரண்டு வெற்றி. நல்ல அணி என்று நான் சொல்ல மாட்டேன். பந்தைத் தவறவிடாத அணி. எங்கள் ஊரில் அதுவே அரிது.

தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றவன் டெல்வினின் மகன் கர்ட். நான்காவது ஆண்டு மாணவன். உதவித்தொகை எதுவும் கிடையாது. காலையில் வகுப்பு, மதியம் பயிற்சி, மாலையில் அப்பாவுக்குப் பதிலாக அறுவடை இயந்திரத்தில். படிப்பு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. இதற்குப் பிறகு வாழ்க்கையில் எப்போதும் அந்தத் தலைக்கவசத்தை அவன் போடப்போவதில்லை.

ஆறாவது ஆட்டம் கிரான்டன் கல்லூரியோடு. சொந்த மைதானத்தில் எங்களுக்குக் கடைசி ஆட்டம். கிரான்டன் அதுவரை தோற்கவில்லை. அவர்களைத் தோற்கடித்தால் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தொடும் தூரத்தில் இருப்போம். வயல்களில் அறுவடை பாதியில் நின்றது. தானியக் கிடங்கை ஒரு மணிக்கே மூடினார்கள்.

சங்கிலி பிடிப்பவர்கள் நிற்பது விருந்தாளி அணியின் பக்கம். அதனால் எங்கள் முதுகுக்குப் பின்னால் கிரான்டன் பயிற்சியாளர் ஆட்டம் முழுவதும் உலாவிக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்த மனிதர்.

"இது லிண்டால் சங்கிலியா? ஒன்பது கெஜந்தான் இருக்கும் போலிருக்கே?"

ஆர்லன் திரும்பவில்லை. டுவேன் திரும்பினான்.

"உங்க பசங்களுக்கு ஒன்பதே தாண்ட முடியலையேன்னுதான் நாங்க வருத்தப்பட்டுட்டு இருக்கோம் சார்."

"டுவேன்," என்றார் ஆர்லன்.

"முகத்துல ஒண்ணும் தெரியல இல்ல?"

கடைசி ஐந்து நிமிடம். நாங்கள் பதினேழு, அவர்கள் பதினான்கு. பந்து அவர்களிடம், கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் ஓட்டக்காரன் கையிலிருந்து பந்து நழுவியது. பத்துப் பேர் அதன் மேல் விழுந்தார்கள். குவியலை ஒவ்வொருவராக விலக்கியபோது அடியில் பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிடந்தவன் கர்ட்.

மைதானம் எழுந்து நின்றது. எங்கள் அணி இனி மேற்கு நோக்கி ஆடும். ஆர்லன் பின்கம்பை நட்டார், டுவேன் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடினான், மார்வா கோட்டின் அருகே முட்டிபோட்டுக் கிளிப்பை மாட்டினார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் பார்த்தேன்.

மூன்று முயற்சியில் ஒன்பது கெஜத்துக்கு மேல் போனார்கள். நான்காவதிலும், வழக்கம்போலப் பந்தைத் தூரமாக எதிரணியிடம் உதைத்து அனுப்பாமல், துணிந்து ஓடினார்கள். அந்த ஓட்டம் பத்தை எட்டினால் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது, மிச்ச நேரத்தைப் பந்தைக் கையில் வைத்தபடி கழித்துவிடலாம். எட்டியதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி மிச்சம். அளக்கச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து நடுவர் பெனாவிடஸ். ஒமாஹாவிலிருந்து வருபவர், அமைதியானவர். கிளிப்பைப் பிடித்து அவர் முன்னே போக, ஆர்லனும் டுவேனும் கம்புகளோடு ஓடினார்கள். பெனாவிடஸ் குனிந்து, வழக்கப்படி கோட்டின் கிழக்கு ஓரத்தில் கிளிப்பை வைத்தார். சங்கிலி இறுகியது. பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை.

எல்லைக்கு வெளியே நானும் மார்வாவும் மட்டும் நின்றிருந்தோம். மார்வா மைதானத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கோட்டை எங்கள் காலடி வரை நீட்டி வரைந்திருப்பார்கள். ஈர மண்ணில் அவர் முட்டி பதிந்த குழி கோட்டின் மேற்குப் பக்கம் இருந்தது.

"நான் இங்கதான போட்டேன்," என்றார், எனக்கென்று இல்லாமல்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மேற்கு ஓரத்தில் மாட்டிய கிளிப்பைக் கிழக்கு ஓரத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். எங்கள் அணிக்கு நான்கு அங்குலம் இனாம்.

"மார்வா," என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை பலமுறை யோசித்திருக்கிறேன். நல்ல பதில் கிடைத்ததில்லை. 'சொல்லிவிடு' என்பதற்காக நான் அந்தப் பெயரை அழைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த முயற்சி தொடங்கிவிட்டால் எதையும் மாற்ற முடியாது, அது விதி. அரை நிமிடம் இருந்திருக்கும். மார்வா உள்ளே நடந்தார். ஓடவில்லை. பெனாவிடஸின் கையைத் தொட்டார்.

"கிளிப்பைத் தப்பான ஓரத்துல போட்டுட்டேன்."

"எந்த ஓரம்?"

"மேக்கு. முந்தி அவங்க போயிட்டிருந்த திசைக்குப் போட்ட மாதிரியே போட்டுட்டேன். மாத்தல."

"நிச்சயமா?"

"என் முட்டி பதிஞ்ச குழி அங்க இருக்கு. வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். விசில் ஊதினார். தலைமை நடுவர் இரு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டுப் பேசினார், பிறகு அளவில் பிழை, மறுபடி அளக்கிறோம் என்று அறிவித்தார். சங்கிலி மறுபடி உள்ளே போனது. இம்முறை கிளிப் மேற்கு ஓரத்தில். பந்து கம்புக்கு மூன்று அங்குலம் பின்னால் இருந்தது.

நான்கு விரல் அகலம். பந்து கிரான்டனுக்கு.

எங்களுக்குப் பின்னால் அந்தக் கழுத்து சிவந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது விநாடி மிச்சமிருக்கும்போது அவருடைய அணி எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டியது. இருபத்தொன்று, பதினேழு. மார்வா கடைசி வரை ஒவ்வொரு முறையும் முட்டிபோட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பார்த்துக் கிளிப் போட்டார். சங்கிலியைச் சுருட்டிப் பைக்குள் வைக்கும்போது டுவேன்கூடப் பேசவில்லை.

அடுத்த வாரம் தானியக் கிடங்கில் பேச்சுக்குக் குறைவில்லை.

"மார்வா, நாலு இன்ச் சோளம் கொண்டாந்திருக்கேன். எந்தப் பக்கத்து ஓரத்துல நிறுத்தட்டும்?"

"மேடை நடுவுல நிறுத்து. ஓரத்துல நிறுத்தினா கீழ விழுவே."

ஒருவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "அந்தாளு பின்னாடி நின்னு கத்தினதுக்குப் பயந்துட்டே." மார்வா எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "ஈரம் பதினெட்டு சதவீதம். காய வெச்சுக் கொண்டாங்க," என்றார். ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். அத்தனை பேரும் திட்டிவிட்டு, சீட்டைப் பார்க்காமலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

ஊர் முழுக்க இரண்டு கட்சி. நேர்மை என்ற சொல்லைச் சிலர் தேவாலய வாசலில் அடிக்கடி சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் அவசரப்பட்டதாகத் தோன்றியது. நல்ல கிளிப்காரர் அந்தத் தவறைச் செய்திருக்கவே மாட்டார். செய்த தவறைச் சொன்னது அதைச் செய்யாததற்குச் சமம் ஆகாது. அதற்கும் சொல்லாமல் விட்டதற்கும் நடுவில் எங்கோ இருக்கிறது அவர் செய்த காரியம். எவ்வளவு தூரத்தில் என்று அளக்க என்னிடம் சங்கிலி இல்லை.

டெல்வின் மூன்று நாள் கழித்துத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். அதை மார்வா பிறகு என்னிடம் சொன்னார்.

"எம் பையனோட கடைசி வருஷம் மார்வா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்ணியா?"

"தெரிஞ்சுதான்."

"சரி. வசந்தத்துக்குள்ள எனக்கு இடுப்பு சரியாயிடும். ஆர்லன்கிட்ட சொல்லிட்டேன். என் இடத்துக்கு நான் வந்துடறேன்."

கடைசி ஆட்டம் வெளியூரில். அங்கே சங்கிலி அந்த ஊர்க்காரர்கள் பிடிப்பார்கள், எங்களுக்கு வேலையில்லை. மார்வா எடை மேடையில் வானொலி வைத்துக் கேட்டார். ஜெயித்தார்கள். ஏழில் ஐந்து வெற்றி, எட்டு அணியில் இரண்டாம் இடம். கோப்பை கிரான்டனுக்குப் போனது.

நன்றிதெரிவித்தல் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, சங்கிலிக்காரர்கள் டுவேன் வீட்டில் மதியம் கூடிச் சாப்பிடுவது வழக்கம். காரமான மாட்டிறைச்சி பீன்ஸ் குழம்பும், அதில் தொட்டுத் தின்ன இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும். அடுத்த ஆண்டு யார் எங்கே நிற்பது என்பதை அன்றுதான் ஆர்லன் சொல்வார். மார்வா மேலங்கியைத் துவைத்து, மடித்து, ஒரு காகிதப் பையில் கொண்டுவந்து கதவோரம் வைத்தார். டெல்வின் கைத்தடியோடு வந்தார். அவரை இன்னும் வண்டி ஓட்ட விடவில்லை, கர்ட்தான் கூட்டிவந்தான்.

சாப்பாட்டின் முதல் பாதியில் எல்லோரும் சோள விலையைப் பற்றித் தேவைக்கு அதிகமாகப் பேசினோம். டெல்வினின் கை பட்டுக் கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

ஆர்லன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நானும் ஒரு தடவை தப்பான ஓரத்துல போட்டிருக்கேன். கிளிப் பிடிச்ச காலத்துல. அளந்தாங்க. நமக்குச் சாதகமா வந்துச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"எந்த ஆட்டம்?" என்றான் டுவேன்.

"அதான் தெரியல. யார்கூட ஆடினோம், எத்தனை புள்ளி, எல்லாம் மறந்துபோச்சு. அந்த நாலு இன்ச் மட்டும் மறக்க மாட்டேங்குது."

டுவேன் மனைவி இன்னொரு தட்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போனார். கர்ட் தன் மூன்றாவது ரொட்டியை எடுத்துக்கொண்டு, அத்தையின் பக்கம் சாய்ந்தான். இத்தனை நாளும் இதைத்தான் கேட்கக் காத்திருந்தவன் போல.

"அத்தை, அந்தக் குவியல்ல நான் பந்தை எடுத்தேனே, அதைப் பாத்தியா? நீ கிளிப் மாட்டறதுல இருந்திருப்பே, பாத்திருக்க மாட்டே."

"பாத்தேன்டா," என்றார் மார்வா. "கிளிப் மாட்டும்போதும் உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். அதான் பிரச்சினையே."

கர்ட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிறகு சிரித்தான். வாயில் ரொட்டியோடு, தோள் குலுங்க. டுவேனும் சேர்ந்துகொண்டான். "முகத்துல ஒண்ணும் தெரியல! கையில தெரிஞ்சுபோச்சு!"

டெல்வின் சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று அவர் அதுவரை கேட்கவே இல்லை. நானும் கேட்டதில்லை. அது எந்த ஓரம் என்பதோடு எங்கள் எல்லோருடைய விசாரணையும் முடிந்திருந்தது.

"சரி," என்றார் ஆர்லன். "அடுத்த வருஷம். டெல்வின், இடம் உங்களுது. என்ன சொல்றீங்க?"

டெல்வின் கைத்தடியை மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"எங்க முடியும், ஆர்லன். இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு இருபத்தஞ்சு தடவை எங்க குனியறது. ஒரு தடவைகூடக் குனிய வர மாட்டேங்குது."

துடைத்த கரண்டி அவர் தட்டின் அருகே கிடந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். மார்வாவும் பார்த்தார். கரண்டியை ஒரு முறை, அண்ணனை ஒரு முறை. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் எடைபோட்ட அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. அந்த அளவை மறுபடி எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆர்லன் எழுந்து போய்க் காகிதப் பையை எடுத்துவந்து மார்வாவின் மடியில் வைத்தார். "டுவேன், மை பேனா இருக்கா உங்க வீட்டுல?"

இது நடந்து ஓராண்டு ஆகப்போகிறது. கர்ட் இப்போது முழுநேர விவசாயி. சனிக்கிழமைகளில் வேலிக்கு வெளியே அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, எங்களுக்குச் சேர்த்து அவனே கத்துகிறான். புதிய அணி எப்படி என்று கேட்டால், இன்னும் சொல்வதற்கில்லை. இரண்டில் ஒன்று ஜெயித்திருக்கிறார்கள்.

எங்களிடம் புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பந்து கை மாறும் ஒவ்வொரு முறையும் மார்வா முட்டிபோடுவதற்கு முன் உரக்கக் கேட்கிறார்: "எந்த ஓரம்?" நாங்கள் மூவரும் ஒரே குரலில் திசையைச் சொல்கிறோம். அதன் பிறகுதான் கிளிப். போன சனிக்கிழமை விருந்தாளி அணிப் பையன் ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் பயிற்சியாளரிடம் கேட்டான், இந்த ஊர்க்காரர்கள் ஏதாவது ஜெபம் சொல்கிறார்களா என்று.

"கிழக்கு!" என்று அடுத்த முறை டுவேன் அவன் காதருகே கத்தினான். மார்வா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் கோட்டின் மேல் இருந்தது.